கை மூடிப் போட்ட கல்

ஹலோனி ஊர், ஏதென்ஸ் நாடு
கோடை அறுவடை முடிந்த மாதம்

மிகியோன் தன் அக்கா ஹெடிலேவுக்கு எழுதுவது. மகிழ்ந்திரு.

நான் நலம். அத்தான் தெயிசியாஸ் நலமா? பையன்கள் நலமா? சாமோஸ் தீவுத் தண்ணீர் இப்போதாவது உனக்கு ஒத்துக்கொள்கிறதா? பெரியவன் அடுத்த வருடம் பதினெட்டைத் தொடுகிறான். அவன் பெயரை அத்தான் ஊர்ப் பதிவேட்டில் ஏற்றும் விருந்துக்குக் கூப்பிடாமல் இருந்துவிடாதே.

பதிவேடு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. மக்கள் சபை புதுச் சட்டம் போட்டிருக்கிறது. ஒவ்வோர் ஊரும் தன் பதிவேட்டைப் பெயர் பெயராகப் படித்து வாக்கெடுக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் ஏதென்ஸ் பிறப்பா, இல்லையா? இல்லை என்று ஊர் சொன்னால் அன்றோடு அவன் அன்னியன். நிலம் வைத்திருக்க முடியாது, சபையில் பேச முடியாது. ஊர் சொன்னது தப்பு என்று நீதிமன்றம் போகலாம். அங்கேயும் தோற்றால் அரசே அவனைச் சந்தையில் நிறுத்தி அடிமையாக விற்றுவிடும்.

எங்கள் ஊரில் முதல் கூட்டம் நேற்று நடந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு வெள்ளைக் கல், ஒரு கறுப்புக் கல். வேண்டியதைக் கைக்குள் மூடிக் குடத்துக்குள் முழங்கை வரை விட்டுப் போட வேண்டும். மிஞ்சியதைக் கூடையில் போட வேண்டும். யார் எதைப் போட்டார்கள் என்று தெய்வத்துக்குக்கூடத் தெரியாது. ஊர்த்தலைவன் ஃபெய்டோன்தான் பெயர் படித்தான். தேன்காரன் டிரோமோன் முறை வந்தது.

"டிரோமோனாம்! பேரே அடிமைக்கு வச்ச பேரு மாதிரி இல்ல?" என்றான் ஃபெய்டோன். எல்லோரும் சிரித்தார்கள். "சரிப்பா, உங்கம்மா எந்த ஊரு?"

"இங்கதான் பொறந்தா, இங்கதான் செத்தா. உங்க கல்யாணத்துக்குத் தேன் குடுத்ததே எங்கம்மாதானே, தலைவரே."

பின்னாலிருந்து ஒருவன், "தேன் இனிச்சுது, பொண்ணுதான் கசந்துபோச்சு!" என்று கத்தினான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஃபெய்டோன் முகம் சுருங்கியது. அந்த ஒரு சிரிப்புக்காகவே டிரோமோன் போனான் என்று நினைக்கிறேன். குடத்தைக் கவிழ்த்தபோது கறுப்பு அதிகம். பாவம்தான். ஊர் என்ன செய்யும், சட்டம் வந்துவிட்டது.

கடைசியில் நான் எழுந்து ஃபெய்டோனைப் பார்த்தேன். "பதிவேட்டைச் சுத்தம் பண்றீங்க, நல்லது. அர்டெமிஸ் கோயில் நெலத்துல உங்க ஆடு மேயுதே, அதை எப்ப சுத்தம் பண்ணுவீங்க?" என்று கேட்டேன். ஊரே கை தட்டியது. அப்பா இருந்திருந்தால் தோளில் குத்தியிருப்பார். என் பெயர் அடுத்த கூட்டத்தில் வரும்.

திடமாக இரு.


சாமோஸ்
திராட்சை பழுக்கும் மாதம்

ஹெடிலே தன் தம்பி மிகியோனுக்கு எழுதுவது. மகிழ்ந்திரு.

எல்லோரும் நலம். சின்னவனுக்குக் காய்ச்சல் வந்து போயிற்று. தண்ணீர் இன்னும் உப்புக் கரிக்கிறது. இந்த வீட்டு அடுப்பங்கல்லில் யாரோ ஒரு சாமோஸ்காரி தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறாள். அவர்களையெல்லாம் துரத்திவிட்டுத்தானே நம் ஆட்கள் இந்த நிலத்தைப் பங்கு போட்டார்கள்! தினமும் அந்தப் பெயரின் மேல்தான் அடை சுடுகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். டிரோமோன் அம்மாவை உனக்கு நினைவில்லையா? மிர்ரினே அத்தை. டெமேட்டர் தாய்க்கு நாங்கள் எடுக்கும் நோன்பில் ஆண்களுக்கு இடமில்லை, உனக்குத் தெரியும். குடிமக்கள் மனைவிகளைத் தவிர வேறு பெண்கள் அந்த வாசலையே மிதிக்க முடியாது. ஊர்ப் பெண்கள் கூடி வருடத்துக்கு இரண்டு தலைவிகளை எடுப்போம். நம் அம்மாவை எடுத்த வருடம் கூட எடுத்தது மிர்ரினே அத்தையைத்தான். இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே தட்டில் மாதுளை உரித்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அவள் அன்னியக்காரி என்றால் அவளோடு உட்கார்ந்தவள் யார்? கூட்டத்தில் இதை யாரும் கேட்கவில்லையா?

நீ எல்லாம் எழுதியிருக்கிறாய், ஒன்றைத் தவிர. டிரோமோனுக்கு நீ எந்தக் கல்லைப் போட்டாய்?

திடமாக இரு. ஆட்டைப் பற்றி இனிமேல் பேசாதே.


ஹலோனி
இலையுதிர் காலம், உழவு தொடங்கும் மாதம்

மிகியோன் தன் அக்காவுக்கு. மகிழ்ந்திரு என்று எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டேன்.

என்னை நீக்கிவிட்டார்கள்.

உன் கடிதம் கூட்டத்துக்கு முந்தின நாள் வந்தது. பதில் எழுத நேரமில்லை. ஃபெய்டோன் என் பெயரைப் படிக்கும்போதே இளித்தான். "வாங்க, நம்ம ஆட்டுக் கணக்கரே! உங்கம்மா லெம்னோஸ் தீவுக்காரிதானே?"

"லெம்னோஸ்ல குடியேறின ஏதென்ஸ்காரரோட மக."

"அவ சொந்தக்காரங்க யாராச்சும் வந்து சொல்லட்டுமே."

"எல்லாரும் அங்க கொள்ளை நோய்ல போயிட்டாங்க. உங்களுக்கும் தெரியும்."

"அடடா, என்னா வசதியாப் போயிட்டாங்க!"

சிரித்தார்கள், அக்கா. நம் அப்பா வாங்கித் தந்த மதுவைக் குடித்தவர்கள் சிரித்தார்கள். நான் பெண்கள் நோன்பைச் சொன்னேன். அன்னியக்காரியை ஊர்ப் பெண்கள் தலைவியாக எடுப்பார்களா என்று கேட்டேன். கூட்டம் கொஞ்சம் அடங்கியது. நல்ல கேள்வி கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

ஃபெய்டோன் மெதுவாகக் கேட்டான்: "அந்த வருஷம் கூட இருந்த இன்னொரு தலைவி யாருப்பா?"

நான் குடத்தைப் பார்த்தேன்.

"நான் சொல்றேன். டிரோமோனைப் பெத்தவ. போன கூட்டத்துல இந்த ஊரே சேந்து அவளை அன்னியக்காரின்னு முடிவு பண்ணிடுச்சு. நீயும்தான் இருந்தே. அப்ப அந்த வருஷ நோன்பே அன்னியக்காரிங்க நடத்துன கூத்துதானே? வேற சாட்சி இருக்கா?"

இல்லை. குடம் சுற்றி வந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், என்னோடு போர்ப் பயிற்சி எடுத்தவன், கையை மூடிக்கொண்டு போய்விட்டு என் முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்தான்.

எல்லோரும் சமம் என்று சபையில் தொண்டை கிழியக் கத்துகிற நாய்கள்! யாருக்கும் முகம் தெரியாதபடி கையை மூடிக்கொண்டால் ஒருவனைக் கொன்றுவிடலாம். இதற்குப் பெயர் மக்கள் ஆட்சி.

நான் நீதிமன்றம் போகிறேன். மேல்முறையீடு கொடுத்தாகிவிட்டது. தோற்றால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். பெண்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல முடியாது. உனக்குத் தெரிந்ததை அத்தான்தான் வந்து சொல்ல வேண்டும். அம்மா இருக்கும்போதே உன்னைக் கட்டியவர் அவர். குளிர்காலத்துக்குக் கப்பல்கள் நின்று கடல் மூடுவதற்குள் வரச் சொல். நான் அன்னியன் என்றால் நீயும் அன்னியக்காரி, உன் பிள்ளைகளுக்கும் பதிவேடு இல்லை. இதை அவரிடம் சொல்.

திடமாக இரு.


சாமோஸ்
உழவு மாதம்

தெயிசியாஸ் தன் மைத்துனன் மிகியோனுக்கு. மகிழ்ச்சியும் நலமும்.

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம். இந்த ஆண்டு ஆலிவ் நன்றாகக் காய்த்திருக்கிறது. கழுதை ஒன்று வாங்கினோம்.

உனக்கு நடந்ததைக் கேட்டு மனம் வருந்தினேன். இளமையில் நாக்கு முன்னால் ஓடும், அறிவு பின்னால் வரும். ஊர்த்தலைவரை எல்லோர் முன்னாலும் ஆட்டுக்காக அவமானப்படுத்தியிருக்க வேண்டாம். என் யோசனை இதுதான்: மேல்முறையீட்டைத் திரும்பப் பெறு. அன்னியர் வரியைக் கட்டிக்கொண்டு ஏதென்ஸிலேயே கௌரவமாக எத்தனை பேர் வாழவில்லை? துறைமுகத்தில் பெரிய வியாபாரிகளே அன்னியர்கள்தான்.

உனக்குப் பால் கொடுத்த திரேஸ் நாட்டுச் செவிலியை நினைவிருக்கிறதா? நல்ல பெண் என்று என் மனைவி சொல்வாள். ஊரில் சிலர் உன்னை அவள் பிள்ளை என்று பேசுவதாகக் கேள்வி. நான் நம்பவில்லை. ஆனால் பேச்சு இருக்கிறது.

கடல் விஷயம் சொல்ல முடியாது. வர முடிந்தால் வருவேன்.

திடமாக இரு.


சாமோஸ்
அதே மாதம், கப்பல் புறப்படும் நேரம்

ஹெடிலே தன் தம்பிக்கு. மகிழ்ந்திரு.

அவர் கடிதத்தோடு இதையும் மடித்து வைக்கிறேன். அவருக்குத் தெரியாது.

நான் நலம். நீ இரவில் சாப்பிடுகிறாயா? கோபம் வந்தால் சாப்பாட்டைத் தள்ளுவது உன் பழக்கம்.

டிரோமோனும் மேல்முறையீடு செய்திருக்கிறானா? அவனுக்குச் சாட்சி சொல்ல யாராவது இருக்கிறார்களா? உன் கடிதத்தில் அவன் பெயர் ஃபெய்டோன் வாயில் மட்டும்தான் வருகிறது.

கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

திடமாக இரு.


ஹலோனி
குளிர்காலத்தின் நடு மாதம். கப்பல் கிடைக்கும்வரை இந்தக் கடிதம் என்னிடம் இருக்கும்

மிகியோன் தன் அக்காவுக்கு. மகிழ்ந்திரு! இந்த முறை மனதாரச் சொல்கிறேன்.

நான் நலம். சாப்பிடுகிறேன். அந்த நாய் தானே வந்து பொறியில் காலை வைத்துவிட்டது.

நேற்று ஃபெய்டோன் சாட்சிகளோடு வந்து சந்தையில் என்னை நிறுத்தினான். சுற்றிலும் ஆட்கள். "இந்தா, பேச்சை வளர்க்க வேணாம். உங்கக்கா ஒருத்தி இருக்கா இல்ல? அவ அப்பல்லோ பலிபீடத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ணட்டும். நீ அவ வயித்துல பொறந்த தம்பிதான்னு, அதாவது..." உளறிவிட்டான்! சந்தையே சிரித்தது.

"அவ வயித்துலயா? உன் புத்தி ஆட்டுக் கொட்டகையிலயே இருக்கு!" என்றேன்.

முகம் சிவந்து மறுபடி சொன்னான்: "ஒரே தாய் வயித்துப் பொறப்புன்னு, அந்தத் தாய் ஏதென்ஸ்காரின்னு. அவ சத்தியம் பண்ணிட்டா ஊர் வழக்கை வாபஸ் வாங்கிடும். பண்ணலேன்னா நீ தோத்ததா ஒத்துக்கணும். சம்மதமா?"

பெண் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் எதிராளியே கேட்டு, இந்தப் பக்கமும் ஒத்துக்கொண்டால் பெண்ணின் சத்தியம் செல்லும். அதற்கு மேல் நீதிமன்றம்கூடப் பேச முடியாது. நானே கேட்டிருந்தால் அவன் மறுத்திருப்பான். அவனே கேட்கிறான்! ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சம்மதம், சம்மதம், எல்லாரும் சாட்சி!" என்று கத்தினேன்.

நான் பிறந்த அன்று உனக்கு ஏழு வயது. பையன் பிறந்ததைச் சொல்ல வாசலில் ஆலிவ் வளையம் கட்டியது நீதான் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். உன்னைவிடப் பெரிய சாட்சி யார் இருக்கிறார்? முதல் கப்பலில் வா.

திடமாக இரு, அக்கா. நம் அம்மா பெயரை அவன் வாயாலேயே சொல்ல வைக்கிறேன்.


சாமோஸ்
கடல் மூடுவதற்கு முன் கடைசிக் கப்பலில்

ஹெடிலே தன் தம்பிக்கு. மகிழ்ந்திரு. அவசரமாக எழுதுகிறேன், நலம் விசாரிக்க நேரமில்லை.

ஃபெய்டோனின் ஆள் ஒருவன் இங்கே வந்தான். ஒரு கிடாயும் இரண்டு சாடி மதுவும் கொண்டு வந்தான். நான் மாடியில் நெய்துகொண்டிருந்தேன். கீழே பேசியதெல்லாம் கேட்டது.

"அவ சத்தியம் பண்ணட்டும்னு நாங்களே கேக்கப் போறோம். அந்தப் பய உடனே ஒத்துக்குவான், சூடான ஆளு. அப்புறம் உங்க வீட்டம்மா வாயிலதான் இருக்கு. 'இவன் எங்கம்மா வயித்துல பொறந்தவன் இல்ல, செவிலி பெத்தவன்'னு ஒரு வார்த்தை. அவளுக்கும் ஆபத்து இல்ல, உங்க பசங்களுக்கும் இல்ல. அவங்கப்பன் நெலம் மகளுக்குத்தானே வரும். ஆத்தோரப் பாதி தலைவருக்கு, மேட்டுப் பாதி உங்களுக்கு."

இவர் என்ன சொன்னார் தெரியுமா? "மேட்டுல தண்ணி நிக்காதே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எதற்கும் சம்மதிக்காதே. ஃபெய்டோன் எவ்வளவு இனிப்பாகக் கேட்டாலும் என் சத்தியத்துக்கு ஒத்துக்கொள்ளாதே. சாட்சிகளைத் தேடு. டிரோமோனிடம் போ. அவனுக்கு நீயும் உனக்கு அவனும் நின்றால் அந்த நோன்பு இரண்டு பேருக்கும் சாட்சி ஆகும்.

அந்தச் செவிலியைப் பற்றி ஒன்று. திராட்டா, திராட்டா என்று கூப்பிட்டோம். திராட்டா என்றால் திரேஸ்காரி, அது ஒரு பெயரா? அவள் பெயர் என்ன என்று அம்மாகூடக் கேட்டதில்லை. இப்போது நம் வசதிக்கு அவள் வயிறு வேண்டியிருக்கிறது.

திடமாக இரு.


ஹலோனி
கடல் திறந்த முதல் வாரம்

உன் கடிதம் இன்றுதான் வந்தது. அந்தக் கப்பல் காற்றில் சிக்கி ஆண்ட்ரோஸ் தீவில் குளிர்காலம் முழுக்கக் கிடந்ததாம். என் கடிதம் உன்னைத் தேடிப் போய்க்கொண்டிருக்கும். சாட்சிகளை வைத்துச் சம்மதம் சொல்லிவிட்டேன். திருப்ப முடியாது.

மேட்டில் தண்ணீர் நிற்காதாமா? அவனுக்கு ஒரு கிடாய் போதும், என்னைச் சந்தையில் நிறுத்துவதற்கு! அத்தானாம் அத்தான்! உன் கல்யாணத்தில் அவன் தலையில் அத்திப்பழமும் கொட்டையும் கொட்டி வரவேற்றேனே, கல்லைக் கொட்டியிருக்க வேண்டும்.

நீ எல்லாம் எழுதியிருக்கிறாய், நீயும் ஒன்றைத் தவிர. நீ என்ன சொல்லப் போகிறாய் என்று எழுதவில்லை. மாடியில் நெய்துகொண்டு கேட்டாய், சரி. கீழே இறங்கி வந்து ஒரு வார்த்தை சொன்னாயா? உனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை. எனக்குத் தெரியும், உன் நாக்கு எந்தப் பக்கம் சாயும் என்று. அடிமை பெற்ற பிள்ளை என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறு. வெள்ளிச் சுரங்கத்தில் எனக்கு ஒரு விளக்கும் உளியும் கொடுப்பார்கள். நீ மேட்டு நிலத்தில் பூண்டு போட்டுச் சாப்பிடு.

டிரோமோன், டிரோமோன்! என் கழுத்தில் கயிறு இருக்கும்போது உனக்குத் தேன்காரனைப் பற்றி என்ன கவலை?


துறைமுக நகர் பிரேயஸ்
வசந்த மாதம்

ஹெடிலே தன் தம்பி மிகியோனுக்கு. மகிழ்ந்திரு. நீ வாழ்த்தில்லாமல் எழுதினாய். நான் விடமாட்டேன்.

வந்து சேர்ந்துவிட்டோம். அவருடைய பெரியப்பா மகன் வீட்டில் தங்கியிருக்கிறோம். மீன் விற்க வருகிறவள் இந்தக் கடிதத்தைக் கொண்டு வருவாள். அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடு.

வழி முழுக்க எனக்குப் பாடம் நடந்தது. "சொல்லு பாப்போம்: இவன் எங்கம்மா வயித்துல பொறந்தவன் இல்ல." நான் சொன்னேன். "சத்தமாச் சொல்லு." சத்தமாகச் சொன்னேன். "பாத்தியா, எவ்வளவு சுலபம்" என்றார். மறுத்திருந்தால் என்னைக் கப்பலிலேயே ஏற்றியிருக்க மாட்டார். இது உனக்குத் தோன்றவில்லை. கீழே இறங்கி வந்து ஒரு வார்த்தை சொன்னாயா என்று கேட்கிறாய். நீ எந்த வீட்டில் வளர்ந்தாய்? அம்மா எந்தக் கூட்டத்தில் இறங்கி வந்து ஒரு வார்த்தை சொன்னாள்?

உங்கள் கையில் கல் இருக்கிறது. எங்கள் கையில் ஒன்றுமில்லை. யார் வயிற்றில் யார் பிறந்தார்கள் என்று எங்களுக்குத்தான் தெரியும், அதை முடிவு செய்வது நீங்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை என் வாயிலிருந்து வரும் வார்த்தைக்கு எடை இருக்கப் போகிறது. அதை வீணாக்க மாட்டேன்.

ஆகவே கேள். உன் வழக்கு முடிந்து அடுத்த வாரம் டிரோமோன் வழக்கு. அவனுக்கு ஒரு சாட்சியும் இல்லை என்று மீன்காரி சொல்கிறாள். ஊரில் யாரைக் கேட்டாலும் அன்றைக்கு வயலில் வேலை இருக்கிறதாம். நீ போய் நிற்க வேண்டும். அவன் அம்மாவும் நம் அம்மாவும் ஒன்றாக நோன்பு நடத்தியவர்கள் என்று சொல்ல வேண்டும்.

மூன்றாவது முறையாகக் கேட்கிறேன், பதில் எழுதி மீன்காரி கையிலேயே கொடுத்தனுப்பு: டிரோமோனுக்கு எந்தக் கல்? உண்மையைச் சொல். அவனுக்கு நிற்பேன் என்றும் எழுது. இல்லையென்றால் நாளை மறுநாள் பலிபீடத்தில் நான் படித்த பாடத்தைச் சொல்லுவேன். விளையாட்டு இல்லை. டிரோமோனை விற்றுவிட்டுத் தன்னை மட்டும் காப்பாற்றிக்கொள்கிற ஒருவனுக்காக என் பிள்ளைகளை இழுத்து வந்து நிறுத்த மாட்டேன்.

திடமாக இரு.


ஹலோனி
அன்றே

அக்காவுக்கு.

கறுப்பு.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கையை மூடிக்கொண்டு போட்டேன். அவன் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. சொந்த ஊரைச் சுத்தம் செய்கிறவன் என்று என்னை நினைத்துக்கொண்டேன். போட்டுவிட்டு வந்து ஆட்டைப் பற்றிப் பேசினேன்.

நிற்பேன்.

மீன்காரிக்கு அடையும் வெங்காயமும் கொடுத்தேன்.


ஹலோனி
கோடை தொடங்கும் மாதம்

மிகியோன் தன் அக்கா ஹெடிலேவுக்கு. மகிழ்ந்திரு.

நீ நலமாகக் கரை சேர்ந்தாயா? அத்தான் உன்னை அடித்தாரா? உண்மையை எழுது. நான் உடலால் நலம்.

நீ பலிபீடத்தைத் தொட்டு, "நான் கட்டுன ஆலிவ் வளையம், எங்கம்மா பெத்த தம்பி" என்று சொன்னபோது அத்தான் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபெய்டோன் எதையோ விழுங்கியவன் போல நின்றான். நீ அதோடு நிறுத்துவாய் என்று நினைத்தேன். "மிர்ரினேவும் எங்கம்மாவும் ஒரே பாயில உக்காந்தவங்க. ரெண்டு பேரும் இந்த மண்ணோட பொண்ணுங்க" என்றாய். பூசாரி, "அதை யாரும் கேக்கலம்மா" என்றார். "நான் சொல்றேன்" என்றாய். அதை அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை.

என் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டது.

டிரோமோன் வழக்கில் நின்றேன். நீ சொன்னபடி எல்லாம் சொன்னேன். நோன்பு, பாய், மாதுளை. நீதிபதிகள் கூட்டம் கவனித்துக் கேட்டது. முன்வரிசைக் கிழவர் ஒருவர் தலையை ஆட்டினார். பிறகு ஃபெய்டோன் எழுந்தான்.

"ஊர்க்கூட்டத்துல நீ எந்தக் கல்லைப் போட்டே, மிகியோன்?"

பொய் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாது, கை மூடித்தான் இருந்தது. உன்னிடம் எழுதிய பிறகு வாய் வரவில்லை. "கறுப்பு" என்றேன்.

அவன் நீதிபதிகள் பக்கம் திரும்பிக் கையை விரித்தான். "அன்னிக்கு இவனைத் தெரியாது, இன்னிக்குத் தெரியுது! பெரியோர்களே, இவன் அன்னிக்குப் பொய் சொன்னானா, இன்னிக்குச் சொல்றானா? எனக்குப் புரியல. உங்களுக்குப் புரியுதா?"

எங்கள் ஊர் சிரித்த அதே சிரிப்பை நகரம் சிரித்தது. தலையாட்டிய கிழவரும் சிரித்தார்.

சில வாக்குகளில் தோற்றான் டிரோமோன். காவலர்கள் அங்கேயே கையைக் கட்டினார்கள். என்னைத் தாண்டிப் போகும்போது நின்றான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். "மேட்டுக் கூடு மூணுல ராணி புதுசு. வெயில் எறங்குன பொறவு தொறக்கச் சொல்லு" என்றான். யாரிடம் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. மறுநாள் அவனைச் சந்தையில் விற்றார்கள். வாங்கியவன் சுரங்கக் குத்தகைக்காரன்.

நான் உண்மையைச் சொன்னதால்தான் அவன் போனான், அக்கா. பொய் சொல்லியிருந்தால் இன்று தேன் விற்றுக்கொண்டிருப்பான். இந்த ஊரை நான் என்ன செய்வது? குடத்தை உடைக்கவா? ஃபெய்டோன் வீட்டுக்குத் தீ வைக்கவா? ஆடு இன்னும் கோயில் நிலத்தில்தான் மேய்கிறது. நேற்று ஃபெய்டோன் என்னைப் பார்த்து, "வாங்க குடிமகனே" என்றான்.

பதிவேட்டில் பாதிப் பெயர்கள் இன்னும் படிக்கவில்லை. அறுவடை முடிந்ததும் மறுபடி கூட்டம். எனக்கும் இரண்டு கல் தருவார்கள்.

திடமாக இரு.


சாமோஸ்
கோடை

ஹெடிலே தன் தம்பி மிகியோனுக்கு. மகிழ்ந்திரு.

கரை சேர்ந்தேன். அவர் அடிக்கவில்லை. பேசுவதும் இல்லை. என்னை விலக்கி வைக்க நினைத்தார், சீதனத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று யாரோ நினைவுபடுத்தியதும் விட்டுவிட்டார். நான் சமைக்கிறேன், அவர் சாப்பிடுகிறார். பெரியவன் மட்டும் ஒருநாள் கேட்டான், "நீ சொன்னது தப்பாப் போயிருந்தா என் பேரு என்னம்மா ஆகியிருக்கும்?" என்று. பதில் சொன்னேன்: "டிரோமோன் பேரு ஆன மாதிரி ஆகியிருக்கும்."

உண்மை சொன்னதால் அவன் போனான் என்று எழுதாதே. அப்படி எழுத உனக்கு வெட்கமாக இல்லையா? நீ போட்ட ஒரு கல்லை இரண்டு தடவை எண்ணினார்கள், அவ்வளவுதான். முதல் தடவையே அது வெள்ளையாக இருந்திருந்தால் ஃபெய்டோனுக்குக் கேட்க ஒன்றும் இருந்திருக்காது. உனக்கும் எனக்கும்கூட இத்தனை கடிதம் தேவைப்பட்டிருக்காது.

டிரோமோனுக்கு மனைவியும் ஒரு மகளும் உண்டு. இந்நேரம் நிலத்தை ஏலம் விட்டிருப்பார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடு. கூடு திறக்கத் தெரிந்தது அந்த மகளுக்குத்தான், அவன் சொல்லச் சொன்னது அவளிடம்தான். இதுகூட உனக்குப் புரியவில்லை. நம் மேட்டு நிலத்தில் கூடுகளை வைக்க இடம் கொடு. பாதி நிலம் எனக்கென்று ஃபெய்டோனே பிரித்தான் அல்லவா, அந்தப் பாதியில் கொடு.

குடத்தை உடைக்காதே. தீ வைக்காதே. இரண்டும் ஃபெய்டோனுக்கு வசதி. அறுவடை முடிந்து கூட்டம் போடுவார்கள். யாரோ ஒரு ஏமாந்தவன் பெயரைப் படிப்பார்கள். யாரோ ஒருவன் அவன் அம்மாவை வைத்துச் சிரிப்புக் காட்டுவான். எல்லோரும் சிரிப்பார்கள். குடம் உன்னிடம் வரும்.

எழுந்து நின்று, வெள்ளைக் கல்லை எல்லோரும் பார்க்க உயர்த்திப் பிடி. பிறகு போடு. கையை மூடாதே.

திடமாக இரு.